மஞ்சள் வைத்த கக்கூஸ்

அன்றைக்கு அழகர்மலையின் தலை தெரியவில்லை. காலையிலிருந்தே கறுப்பாக மூடிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு, பெரிய வாத்தியார் வானத்தைப் பார்ப்பதும் வண்டிப்பாதையைப் பார்ப்பதுமாக இருந்தார். ஊர்த் தலைவரான அம்பலம் ரோஜா மாலையை ஈரத்துணியில் சுற்றிக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

"மழைக்கு முந்தி வந்துட்டா பொழச்சோம், டீச்சரம்மா" என்று பெரிய வாத்தியார் என்னிடம் முணுமுணுத்தார்.

வரப் போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் மதுரையில் இருந்த ஒரு தர்ம சங்கத்தின் தலைவி அம்மாள். இன்ஸ்பெக்டரிடம் கார் கிடையாது, தலைவி அம்மாளிடம் உண்டு. ஆகவே இருவரும் சேர்ந்தே வருவதாக ஏற்பாடு.

இன்ஸ்பெக்டருக்கு நாங்கள் ஒழுகாத வகுப்பறை ஒன்றைக் காட்ட வேண்டும். தலைவி அம்மாளுக்கு அவர்கள் சங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸைக் காட்ட வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கட்டடம்.

ஊர் பெயர் வேண்டாம்

பயிற்சிப் பள்ளியில் நான் பட்ட பாடுகளைப் போன வாரங்களில் படித்தவர்கள், அடுத்து எந்த ஊருக்கு வேலைக்குப் போனேன் என்று கேட்கிறார்கள். ஊர் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் சமீபத்தில் வீடு தேடி வந்து, "கதைய எழுதுங்க, பேரை மட்டும் போட்றாதீக, கக்கூஸ் ஊருன்னு பொண்ணு குடுக்க மாட்டாக" என்று கேட்டுக்கொண்டார். அவர் கவலை நியாயமானது. மேலூருக்கும் அழகர்மலைக்கும் நடுவில் ஒரு கண்மாய், அதன் கரையில் ஒரு ஊர் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய மாசி வீதிகளைத் தாண்டி அறியாதவள் நான். துணைக்கு என் சித்தி வந்தாள். சித்தப்பா காலமான பிறகு அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். யாருக்கும் பயப்படாதவள், யார் பேச்சையும் முடிக்க விடாதவள். நான் அந்த ஊரில் இரண்டு வருஷம் தாக்குப் பிடித்ததற்கு அவள் வாய்தான் காரணம்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு கீற்றுக்கொட்டகை. பெரிய வாத்தியாரே அதற்கு முதலாளி, தலைமையாசிரியர், கூரை வேய்கிற ஆள் எல்லாம். சர்க்கார் மானியத்தில் ஓடியது. கொட்டகையின் நடுவில் ஊர்ப் பிள்ளைகள் உட்காருவார்கள். கீழத்தெருப் பிள்ளைகள், அதாவது பண்ணை வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், இறவாணத்தின், அதாவது கூரை இறங்கும் விளிம்பின், ஓரத்தில் உட்காருவார்கள். வெயில் காலத்தில் பாதி முதுகு வெயிலில் இருக்கும். மழை காலத்தில் முதுகு முழுவதும் மழையில் இருக்கும். அதனால் மழை பெய்தால் முதலில் அவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம்.

அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் இருளாயி. மூன்றாம் வகுப்பு. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் உரக்கப் படித்துவிடுவாள். நான் தப்பாக எழுதினால் தொண்டையைச் செருமுவாள். அவள் அப்பாவும் அம்மா கருப்பாயியும் அம்பலத்தின் பண்ணையில் வேலை பார்த்தார்கள். அம்பலம் மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். கல்யாணம், காய்ச்சல் எதுவானாலும் முதலில் வந்து நிற்பவர். ஆனால் அவருடைய மாட்டுக் கொட்டத்தில் சாணி அள்ள ஆள் வேண்டியிருந்தது. "பள்ளிக்கூடம் இருக்கிற மட்டும் படிக்கட்டும். மூடுன அன்னைக்கே பிள்ளையக் கொட்டத்துக்கு அனுப்பிரு" என்று கருப்பாயியிடம் சொல்லி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடம் மூடுகிற நாளும் தூரத்தில் இல்லை. முந்தைய சோதனையில் இன்ஸ்பெக்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அணில் அவர் தொப்பியில் விழுந்தது. அடுத்த முறை வரும்போது ஒழுங்கான கட்டடம் இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டே சொன்னார். அணிலைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

கொம்பில் ஏறிய மப்ளர்

இனி சங்கத்துக்கு வருகிறேன். அதில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நல்லது செய்யத் துடித்தார்கள். எது வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் அவர்களுக்குப் பொறுமை இருக்காது.

முதலில் அவர்கள் அனுப்பியது ஒரு மூட்டைக் கம்பளி மப்ளர். சங்கத்துப் பெண்கள் தங்கள் கையாலேயே பின்னியவை. வந்து சேர்ந்தது பங்குனி மாதம். பிள்ளைகள் ஆசையாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுவதும் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்த மஞ்சுவிரட்டில் அந்த மப்ளர்களுக்கு வழி பிறந்தது. மாட்டுக் கொம்பில் துண்டு கட்டி விடுவது அங்கே வழக்கம். அடக்கியவனுக்குத் துண்டு சொந்தம். அம்பலம் தன் காளைக்குச் சிவப்பு மப்ளரைக் கட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டினார்கள். அம்பலத்தின் காளையைப் பிடித்த பக்கத்து ஊர் இளவட்டம் சித்திரை வெயில் முழுக்க அந்த மப்ளரைக் கழுத்திலிருந்து எடுக்காமல் மேலூர் சந்தையைச் சுற்றி வந்தான். மானம் சம்பந்தப்பட்ட விஷயம், எப்படிக் கழற்றுவான்?

மப்ளர்களை ஊரார் வீர விளையாட்டுக்களில் மிகுந்த உற்சாகத்துடன் பயன்படுத்தி வருவதாகப் பெரிய வாத்தியார் சங்கத்துக்கு எழுதினார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தலைவி அம்மாள் மகிழ்ந்துபோய், இந்த ஊருக்குப் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தானே நேரில் வந்தார்.

பெரிய வாத்தியார் கூரையைக் காட்டினார். ஒழுகும் இடத்தைக் காட்டினார். ஒழுகாத இடத்தைக் காட்டுவது சுலபமாக இருந்திருக்கும். ஓடு வேய்ந்த ஒரு வகுப்பறை போதும் என்று கைகூப்பிக் கேட்டார். தலைவி அம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, இந்த வருஷம் சங்கத்தின் திட்டம் சுகாதாரம், வகுப்பறை அடுத்த திட்டத்தில்தான் வரும், ஆகவே பிள்ளைகளுக்கு ஆறு தடுப்புக் கொண்ட கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று அறிவித்தார்.

பெரிய வாத்தியார் முகம் தொங்கிப் போனது. நான் மட்டும் உள்ளுக்குள் துள்ளினேன்.

கருவேலங்காட்டு மகாசபை

ஏன் துள்ளினேன் என்பதை இந்தக் காலத்துப் பெண்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். அந்த ஊரில் பெண்கள் விடிவதற்கு முன்பே கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குப் போய்வர வேண்டும். விடிந்துவிட்டால் பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான் பள்ளியில் தண்ணீரே குடிக்க மாட்டேன். முள், சேறு, பாம்பு பயம் இவற்றோடு ஊர்ப் பன்றிகள் வேறு. சித்தி ஒரு கையில் செம்பும் மறு கையில் கம்புமாக எனக்குக் காவல் வருவாள்.

ஊர்ப் பெண்களுக்கோ அது மகாசபை. மாமியார் காது கேட்காத ஒரே இடம். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு வரன் வந்திருக்கிறது எல்லாம் அங்கேதான் பேசி முடிவாகும். கக்கூஸ் வரப் போகிறது என்று சொன்னதும் அம்பலத்தின் மனைவி, "நாலு செவுத்துக்குள்ள ஒத்தையா ஒக்காந்து யாரோட பேச?" என்று கேட்டாள். சித்தியும் ஆமாம் போட்டாள். அவளும் அந்தச் சபையில் முக்கிய உறுப்பினராகிவிட்டிருந்தாள்.

எனக்குப் பேச எதுவும் இல்லை. கதவு ஒன்று இருந்தால் போதும்.

கொத்தனார் நிலை வைத்தார்

செங்கல், ஓடு, சுண்ணாம்பு எல்லாம் சங்கத்துச் செலவில் வண்டி வண்டியாக வந்து இறங்கின. ஆள் வேலை ஊருடையது. கட்டும் பொறுப்பை ஏற்றவர் கொத்தனார் சேவுகன். சுற்றுப்பட்டி முழுவதும் கோயில் மதில்களும் கிணறுகளும் கட்டிய பெருமை உடையவர். அந்தப் பெருமையைப் பற்றி அவரே சொல்வார், மற்றவர்களைச் சொல்ல விடமாட்டார். கக்கூஸ் என்ற ஒன்றை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

சங்கம் அனுப்பிய வரைபடத்தை அவர் ஒரு நாள் முழுக்கத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "படம் போட்ட ஆளுக்கு அனுபவம் பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார். ஆறு தடுப்பையும் குழிகளையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுவரை எழுப்பி ஓடு வேய்வோம் என்று ஆரம்பித்தார். சுவர் எழும்ப எழும்ப அவர் கை சும்மா இருக்கவில்லை. நெற்றிச் சுவரில் ஒரு தாமரை வந்தது. தாமரைக்கு இரண்டு பக்கமும் கிளி வந்தது. சங்கத்துக்காரர்கள் கேட்டால் சுகாதாரக் கிளி என்று சொல்லிவிடலாம் என்று பெரிய வாத்தியார் என்னைத் தேற்றினார்.

நிலை வைக்கும் நாள் வந்தது. வாசலில் கதவு நிலையை நிறுத்துவதென்றால் எங்கள் பக்கம் சின்ன விஷயமில்லை. கொத்தனார் குளித்து, பட்டை போட்டு வந்தார். நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டி, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தலைக்கட்டையில் தொங்கவிட்டார். தேங்காய் உடைத்தார். விளக்கு ஏற்றினார். பெண்கள் குலவை போட்டார்கள். கட்டடம் எதற்கு என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. அம்பலம் வீட்டிலிருந்து ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வந்தது. நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஓடு வேய்ந்தாயிற்று. அடுத்து உள்ளே குழி தோண்ட வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தினேன். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெலைக்கு மஞ்சப் பூசி, வெளக்கேத்தி, கொலவை போட்ட எடத்துல போயி அந்தக் காரியத்துக்குக் குழி வெட்டச் சொல்றீகளே டீச்சரம்மா, எங்கை வெளங்குமா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒருவர் பின் ஒருவராகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்படியானால் பூஜை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். பூஜை போடாமல் நிலை வைப்பானா ஒருத்தன் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். பள்ளிக்கூடத்தை நினைத்து இல்லை, மறுநாளும் இருட்டோடு எழுந்திருக்க வேண்டுமே என்று.

கோயிலா, கக்கூஸா?

குழி இல்லை, தடுப்பு இல்லை. நீளமான, வெளிச்சமான, ஓடு வேய்ந்த ஒரே அறை. பெரிய வாத்தியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு வெறும் கட்டடமாகத் தெரிந்தது அவருக்கு வகுப்பறையாகத் தெரிந்துவிட்டது. ஊரைக் கூட்டி, மழைக்காலத்தில் பிள்ளைகள் இதில் உட்காரட்டும் என்றார்.

அம்பலம் எழுந்தார். மஞ்சள் பூசியது உண்மை, பொங்கல் தின்றதும் உண்மை, ஆனாலும் கக்கூஸ் என்று பேர் சொல்லி வந்த கல்லும் ஓடும்தானே, அதில் தன் மகன் ராசு உட்கார்ந்து படித்தால் நாளைக்கு நாலு ஊர் சிரிக்கும் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கக்கூஸாகப் பயன்படுத்த அது கோயில், உட்கார்ந்து படிக்க அது கக்கூஸ். இப்படி ஒரு கட்டடம் பூலோகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

அதைப் பற்றி இவ்வளவு யோசிப்பானேன், கீழத்தெருப் பிள்ளைகளை வேண்டுமானால் அங்கே உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்பலம் முடித்தார். பெரிய வாத்தியார் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சரியென்றார். அவர் உடனே சரியென்று சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் கீழத்தெருப் பிள்ளைகள் சிலேட்டுகளோடு வந்தார்கள். இருளாயி கையில் சிலேட்டோடு ஒரு மண்கலயமும் இருந்தது. வாசலில் கலயத்தை வைத்து, கால் கழுவி, பிறகுதான் நிலையைத் தாண்டினாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே. யார் சொன்னது என்று கேட்டேன்.

"எங்காத்தா சொல்லுச்சு. கோயிலுக்குள்ளதான் நம்மள விட மாட்டாக, மஞ்ச வச்ச இந்த எடத்துக்காச்சும் காலக் கழுவிட்டுப் போன்னு."

மதுரைக் கோயிலின் கதவு எல்லோருக்கும் திறக்க இன்னும் சில வருஷங்கள் பாக்கி இருந்த காலம் அது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளிடம் கலயத்தை வாங்கிக் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கக்கூஸ் போனதே என்ற வருத்தம் அந்த நிமிஷம் என்னிடம் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஐப்பசி மழை தொடங்கியது. கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகள் தாழங்குடை பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள். ராசுவின் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பக்கத்துப் பையன் சிலேட்டை அழிக்க, அவன் குடைத் தண்ணீர் ராசுவின் சிலேட்டை அழிக்க, எந்தக் கணக்கும் முடிகிற வழியாக இல்லை. கக்கூஸிலோ கீழத்தெருப் பிள்ளைகள் காய்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலாவது பாடத்துக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் ராசு அடிக்கடி அந்தப் பக்கம் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவான். பெரிய வாத்தியார் அன்று சரியென்றது இந்த மழையை மனதில் வைத்துத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

மாலை நனைந்த நேரம்

இப்போது அந்தக் கறுத்த காலைக்குத் திரும்புகிறேன். கார் மேலூர் ரோட்டைத் தாண்டியதும் சேற்றில் புதைந்துவிட, விருந்தாளிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். தலைவி அம்மாள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைக்காமல் கக்கத்தில் வைத்திருந்தார். அணிலை அவர் மறக்கவில்லை.

அம்பலம் மாலையை எடுத்து நீட்டினார். அந்த நிமிஷத்துக்காகவே காத்திருந்த மாதிரி வானம் பொத்துக்கொண்டது.

எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினோம். உள்ளேயும் மழை அதே அளவுதான் இருந்தது. போதாததற்குக் காற்று ஒரு மூலைக் கீற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிற்று. "அங்கிட்டு வாங்க, அங்கிட்டு வாங்க" என்று பெரிய வாத்தியார் செங்கல் கட்டடத்தைப் பார்த்து ஓட, ஊரே அவர் பின்னால் ஓடியது. அம்பலம் தன் வயதையும் அந்தஸ்தையும் மறந்து முதல் ஆளாக வாசலுக்கு வந்தார்.

வாசலில் இருளாயி நின்றாள். குறுக்கே கையெல்லாம் வைக்கவில்லை. கலயத்தோடு சும்மா நின்றாள்.

"காலக் கழுவிட்டு வாங்கய்யா" என்றாள்.

தன் மாட்டுக் கொட்டத்துக்கு வர வேண்டிய பிள்ளை தன்னை வாசலில் நிறுத்துகிறது என்பது அம்பலத்துக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவர் மீசை துடித்தது. ஏதாவது சொல்லி அவளை உள்ளே இழுத்துவிடலாமா என்று நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து தலைவி அம்மாள், "பார்த்தீர்களா இன்ஸ்பெக்டர், எங்கள் சுகாதாரத் திட்டம் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது!" என்று பூரித்துப் போய்ச் செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டினார். இருளாயி தண்ணீர் ஊற்றினாள். அடுத்து இன்ஸ்பெக்டர் ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் ஒரு பெரிய ஓட்டை. அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருளாயி தண்ணீர் ஊற்றினாள்.

சர்க்காரே கால் கழுவிய பிறகு அம்பலம் என்ன செய்வார்? ஆனால் அவள் கையால் ஊற்றுகிற தண்ணீரில் கால் கழுவவும் அவருக்கு மனம் வரவில்லை. ஓட்டிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் காலை நீட்டி நனைத்துக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார்.

"குதிகால்ல சேறு அப்பியிருக்குய்யா" என்றாள் இருளாயி. குரலில் கொஞ்சம்கூடத் துடுக்கு இல்லை. என் கரும்பலகைத் தப்புக்குச் செருமுகிற அதே குரல்.

அம்பலம் குனிந்து பார்த்தார். சேறு இருக்கத்தான் செய்தது. நனைந்த மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் போய், குனிந்து, குதிகாலைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த ராசு கலயத்துக்கு நேராகவே காலை நீட்டினான். அப்பா பார்ப்பதை அவன் பார்க்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவன் பின்னால் வரிசை கட்டினார்கள்.

நிற்கிற இடம்

உள்ளே ஊரும் கீழத்தெருவும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தன. வேறு இடமில்லை. இன்ஸ்பெக்டர் ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். எதுவும் விழவில்லை. இருளாயியைப் படிக்கச் சொன்னார். அவள் அவர் நிறுத்தச் சொல்லும்வரை படித்தாள். கட்டடம் திருப்திகரம், அங்கீகாரத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று அங்கேயே எழுதினார். பெரிய வாத்தியார் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாம் சரி, நாங்கள் கட்டிக் கொடுத்த கக்கூஸ் எங்கே?" என்று கேட்டார் தலைவி அம்மாள்.

பெரிய வாத்தியார் கண்ணைத் திறந்தார். "நீங்க நிக்கிற எடந்தேம்மா."

தலைவி அம்மாள் சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். விஷயம் விளங்கியதும் முகம் சிவந்தது. நிலை, மஞ்சள், குலவை எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தக் காரியத்துக்குக் கொடுத்தோமோ அந்தக் காரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் மாற்ற வேண்டும், இல்லையேல் ஓடுகளையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றார். இருளாயி என்னைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்து அனுமதித்தாரே தவிர, கூரையை எடுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்று எழுதவில்லை.

மழை விடவில்லை. கார் சேற்றில் கிடந்தது. வழியில் மேலூரில் வரிசையாக இரண்டு வீடுகளில் விருந்தாளிகளுக்குக் காப்பி கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தலைவி அம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைப் பார்த்தார். முதலில் கண்டுபிடித்தது சித்திதான். பக்கத்தில் போய்க் காதில் ஏதோ கேட்டாள். தலைவி அம்மாள் தலையை லேசாக ஆட்டினார்.

சித்தி கம்பை எடுத்துக்கொண்டாள். நான் தாழங்குடை பிடித்தேன். கண்மாய்க் கரை வழுக்கியது. ஒரு செருப்பு சேற்றோடு போனது. பட்டுச் சேலையைக் கருவேல முள் மூன்று இடத்தில் பிடித்து இழுத்தது. ஒரு பன்றி எட்டிப் பார்த்தது, சித்தி கம்பை ஓங்கினாள். திரும்பி வரும்போது தலைவி அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"தினமும் இப்படியா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி பதில் சொன்னாள். "தெனமும் மழை பெய்யாதும்மா."

ஓடுகளைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. தை பிறப்பதற்குள் இன்னொரு வண்டிச் செங்கல் வந்தது. பள்ளிக்குப் பின்புறம், தள்ளி, சின்னதாக, ஒரே ஒரு தடுப்புக் கொண்ட கக்கூஸ் எழும்பியது. கொத்தனார் சேவுகன் வழக்கம்போல மஞ்சளும் தேங்காயுமாக வந்தார். சித்தி மஞ்சளைப் பிடுங்கி ரசத்துக்கு எடுத்துக்கொண்டாள், தேங்காயைச் சட்னி அரைத்தாள். மஞ்சள் இல்லாமல் நிலை வைத்துத் தனக்குப் பழக்கமில்லை என்று கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட, வாசலில் பெரிய வாத்தியார் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டார். எனக்கு அது அரண்மனைக் கதவு.

முதல் நாள், நடுப்பகலில், ஊர் நன்றாக விழித்திருக்கும் நேரத்தில், யாருக்கும் ஒளியாமல் தலை நிமிர்ந்து போனேன். படுதாவை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே கலயத்தோடு இருளாயி நிற்கிறாள்.

"அங்க காலக் கழுவிட்டு உள்ள போகணும்" என்றாள் வகுப்பைக் கை காட்டி. "இங்க காலக் கழுவிட்டு வெளிய வரணும், டீச்சரம்மா."

நான் காலை நீட்டினேன்.